மேலே என்று இருந்திருக்க வேண்டிய பக்கம்

செலின் அக்கா இறந்த செய்தி ஒரு கூட்டத்தின் நடுவில் எனக்கு வந்தது. ஒரு புதிய அலுமினிய ஆலைக்கான உரிம ஒப்பந்தத்தை இரு தரப்பாரும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தோம். கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாவது முறை அது அதிர்ந்தபோது எடுத்துப் பார்த்தேன். என் மனைவி சுமதி அனுப்பியிருந்தாள்: "செலின் அக்கா காலைல போய்ட்டாங்க. நாளைக்கு வில்லியனூர்ல அடக்கம்." எதிரே இருந்தவர், ஆவணப் பிழைகளுக்கு யார் பொறுப்பு என்ற பிரிவை எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். அதன்பிறகு அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பது என் காதில் விழவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய கணவர் அந்தோணிசாமி கேட்டார். இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் பிரெஞ்சு டீச்சர். பிரான்சுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் வீட்டு முன்னறையில் பாடம் எடுத்தவர். அதற்கு முன் அவர் வேறொரு வேலை பார்த்தார். அதை ஏன் விட்டார் என்று கேட்டவர்களிடம் "போதும்னு தோணிச்சு" என்று மட்டும் சொல்லி வந்தார். அது முழு உண்மையல்ல. முழு உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான்.

வில்லியனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். அலுமினியம் உருக்கும் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனம் இன்னொரு ஆலைக்கு உரிமம் கொடுத்து விற்கும்போது, கைமாறுவது இயந்திரங்கள் மட்டும் அல்ல. எதை எப்போது செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்ற அறிவு முழுவதும் காகிதமாகக் கைமாறும். அப்படி, பிரான்சில் உள்ள ஒரு நிறுவனத்தின் காகிதங்கள் வடக்கே ஒரு மலை மாவட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதிய ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. அவற்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் பொறுப்பு எங்களுடையது. முத்திரை வைத்த பெட்டிகளில் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அடித்திருக்கும். ஒரு தாள்கூட அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம். வாசகங்களைச் செலின் அக்கா மொழிபெயர்ப்பார். நான் ஏம்பலத்துக்காரன், பொறியாளன். அவர் எழுதியதை வரைபடங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு அத்தியாயத்தின் நடுவே எழுதுவதை நிறுத்திவிட்டார். ஈரக் கருவிகள் பற்றிய அத்தியாயம் அது. உருகிய உலோகத்தில் ஈரம் படக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அந்த உலோகத்தை நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். வில்லியனூரை ஒட்டி, பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கும் ஒரு பட்டறை உண்டு. அங்கே அழைத்துப் போனேன். உலை அருகே நின்றவரிடம், எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டார். அவர் சட்டையை விலக்கித் தோளிலிருந்த தீத்தழும்பைக் காட்டினார். வழித்தெடுக்கும் கரண்டியில் ஒட்டியிருந்த கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் என்றார். திரும்பி வந்து அலுவலக மாடிப்படி ஏறும்போது அக்கா சொன்னார்: "இத படிக்கிறவன் நெருப்பு பக்கத்துல நிக்கிறான் சேகர். எழுதற நான் ஃபேனுக்கு கீழ உக்காந்துகினு இருக்கேன். அத மறக்கக் கூடாது."

அதன்பின் அவர் மொழிபெயர்த்த பக்கங்களில் நான் பிழை கண்டதே இல்லை. இது எனக்கு ஒரு சோம்பலைக் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிய ஆலையின் முதல் தொட்டியைத் தொடங்கும் நாள் வந்தபோது, எங்கள் அலுவலகத்தின் சார்பில் என்னை அங்கே அனுப்பினார்கள். தொட்டி என்றால் ஒரு லாரி அளவு நீளமுள்ள இரும்புப் பெட்டி. உள்ளே கரிக்கல் பதித்திருக்கும். மேலிருந்து பெரிய கரிக்கட்டைகள் தொங்கும். மூன்று நாள் மின்சாரம் பாய்ச்சி அதைச் செஞ்சூடாக்கி, பிறகு உருகிய உப்புக் குழம்பை ஊற்ற வேண்டும். குழம்பு போதிய உயரத்துக்கு ஏறியதும் கரிக்கட்டைகளை மெல்ல மேலே தூக்க வேண்டும். குழம்பு குறைவாக இருக்கும்போது தூக்கினால், கட்டைக்கும் குழம்புக்கும் தொடர்பு அறுந்துபோகும். அத்தனை மின்சாரமும் அந்த இடைவெளியில் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் மேல் வந்து விழுவது ஆயிரம் டிகிரிக்கு நெருங்கிய குழம்பு.

அந்தப் போதிய உயரம் எது என்பதற்காகத் தொட்டியின் சுவரில் ஒரு கோடு வைத்திருந்தார்கள். குழம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே வரை ஏறியதும் கட்டைகளைத் தூக்கலாம் என்று நாங்கள் மொழிபெயர்த்துத் தந்த புத்தகம் சொன்னது.

பிரான்சிலிருந்து வர வேண்டிய நிபுணரின் விமானம் தாமதமாகி, அவர் மாலைதான் வருவார் என்று ஆயிற்று. தொட்டியோ சூடேறித் தயாராக இருந்தது. மேலும் நிறுத்திவைத்தால் உட்சுவர் கெட்டுவிடும் என்று ஆலைத் தலைவர் சொன்னார். அவர் பழைய முறை ஆலைகளில் முப்பது வருடம் இருந்தவர். இந்தப் புது முறைத் தொட்டி அவருக்கும் புதிது. புத்தகம் கையில் இருக்கிறது, அதன்படி செய்வோம் என்று முடிவெடுத்தார். காலை ஒன்பது மணிக்கு முதல் கொப்பரைக் குழம்பு, பக்கத்தில் இருந்த பழைய ஆலையிலிருந்து கிளம்பியது. தொட்டிக் கூடத்தில் காந்தப்புலம் கடுமையாக இருக்கும். கைக்கடிகாரம் நின்றுபோகும். எல்லோரும் கைபேசிகளை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போனோம்.

அதே நேரத்தில் வில்லியனூரில் நடந்ததைப் பின்னர் சுமதியிடமும் அக்காவிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா அன்று அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறார். அதிலும் அந்தக் கோடு வந்திருக்கிறது. எந்தக் கோடு என்று பார்க்க வரைபடங்களை எடுத்திருக்கிறார். படத்தில் குழம்பின் மட்டம் கோட்டுக்கு மேலே இருந்திருக்கிறது. தன் பழைய பக்கத்தை எடுத்தார். கீழே என்று இருந்தது. பிரெஞ்சு மூலத்தை எடுத்தார். அந்த மொழியில் மேலே என்ற சொல்லுக்கும் கீழே என்ற சொல்லுக்கும் எழுத்தில் ஒரே ஒரு 'ஓ'தான் வித்தியாசம். மூலத்தில் அந்த 'ஓ' இல்லை. அவர் கண் அதை இருப்பதாகப் படித்துவிட்டிருந்தது.

இருபது சென்டிமீட்டர் குறைவு. மேலே பத்து இருக்க வேண்டிய இடத்தில் கீழே பத்து.

என்னை அழைத்துப் பார்த்தார். என் கைபேசி பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினார். அதைத் திறக்க வேண்டியவனும் நான்தான். எங்கள் முதலாளி அப்போது புதுச்சேரியில் இருந்தார். அவரைப் போனில் பிடித்து, ஆலையின் கட்டுப்பாட்டு அறை எண்ணைக் கேட்டார். முதலாளி கொடுக்கவில்லை. இந்த நேரத்தில் நம் பக்கம் தப்பு என்று சொன்னால் ஒப்பந்தமே போய்விடும், நான் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன், நீங்கள் காத்திருங்கள் என்றார். எப்போது பேசுவீர்கள் என்று அக்கா கேட்டார். மதியத்துக்குள் என்றார்.

அக்கா காத்திருக்கவில்லை. மூலப் பக்கத்தையும் வரைபடத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மார்க்கெட் முனையில் ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது ஒருமுறை வந்திருந்ததால் வீடு தெரியும். சுமதியின் எண் அவரிடம் இல்லை.

சுமதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். அக்கா உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை. சேகருக்கு அங்கே உள்ளே ஆள் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். சுமதிக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பாகூர்க்காரர் தட்சிணாமூர்த்தி. ஆலை வாசலில் தமிழ் ஆட்களுக்காக மெஸ் நடத்தியவர். என் கைபேசி கிடைக்காதபோது அவர் மூலமாகத்தான் அவள் பேசுவாள். அவரை அழைத்துக் கொடுத்தாள். அக்கா செய்தியைச் சொல்லி, அதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொல்ல வைத்த பிறகுதான் விட்டார்.

வாசல் காவலர்கள் தட்சிணாமூர்த்தியை உள்ளே விடவில்லை. பதினொரு மணித் தேநீர் உள்ளே போகும் நேரம் வந்துகொண்டிருந்தது. அவர் மெஸ்ஸுக்குத் திரும்பி, தேநீர் கேனைத் தானே தூக்கிக்கொண்டு, வழக்கமாக வருகிறவரின் சீட்டைக் காட்டி நுழைந்தார். கூடத்தின் கதவு வரை வந்து, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே நாங்கள் பதினொரு பேர் தொட்டியைச் சுற்றி நின்றிருந்தோம். இரண்டாவது கொப்பரையை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மட்டம் பார்க்கும் கம்பியை ஒருவர் இறக்கி எடுத்தார். கோட்டுக்குப் பன்னிரண்டு கீழே. அடுத்த முறை இறக்கியபோது ஏறக்குறைய பத்து. ஃபோர்மேன் கட்டைகளைத் தூக்கும் விசைப் பெட்டியருகே போய் நின்றார். நான் கதவுக்குப் போனேன், தேநீர் வேண்டாம் என்று சொல்வதற்காக.

"செலின் அக்கா சொன்னாங்க சார்," என்றார் தட்சிணாமூர்த்தி. "கோட்டுக்கு மேலயாம். கீழ இல்லியாம். எனுக்கு இன்னான்னு புரியல. அப்புடியே சொல்ல சொன்னாங்க."

எனக்குப் புரிந்தது.

ஓடிப்போய் ஆலைத் தலைவரிடம் நிறுத்தச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். தேநீர் கொண்டுவந்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அலுவலகம் என்றேன். உங்கள் முதலாளி இப்போதுதான் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினார், ஏதோ சிறிய சந்தேகம், சாயங்காலம் உறுதிசெய்கிறோம் என்றார், அதற்காகத் தொட்டியை ஆறவிட முடியாது என்று தலைவர் மறுத்தார். ஐந்து நிமிடம் கேட்டேன். இரண்டு கொடுத்தார்.

தட்சிணாமூர்த்தியின் கைபேசியில் சுமதியின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்தார்.

"சேகர், நான் தப்பா எழுதிட்டேன். கோட்டுக்கு பத்து சென்டிமீட்டர் மேல. தூக்க வுடாத."

"நிச்சயமா அக்கா?"

"ஒரிஜினல் எங்கையில இருக்குது. நிச்சயம்."

மூலம் எப்படி ஏம்பலத்துக்கு வந்தது என்று கேட்க அப்போது நேரமில்லை. திரும்பி ஓடினேன். ஃபோர்மேன் விசையில் கை வைத்திருந்தார். நான் ஆலைத் தலைவரிடம் சொன்னேன்: இந்தப் பக்கத்தை எழுதியவரே பேசினார், தான் எழுதியது தவறு என்று சொல்கிறார். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஃபோர்மேன் பக்கம் திரும்பிக் கையைக் குறுக்கே ஆட்டினார். முப்பது வருடத்தில் தன் பக்கம் தவறு என்று தானே கூப்பிட்டுச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை, அப்படிச் சொல்கிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இன்னும் இரண்டு கொப்பரைக்குச் சொல்லி அனுப்பினோம். அவை வந்து சேரும்வரை யாரும் தொட்டியை விட்டு நகரவில்லை. மேற்பரப்பு உறையத் தொடங்குகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நாலாவது கொப்பரையில் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறியது. பத்து வந்ததும் ஃபோர்மேன் விசையை அழுத்தினார். கட்டைகள் அங்குலம் அங்குலமாக மேலேறின. மின்னழுத்தம் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. ஃபோர்மேன் தரையில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினார்.

மாலை வந்த பிரெஞ்சு நிபுணரிடம் பழைய பக்கத்தைக் காட்டினேன். படித்தார். ஒரு நாற்காலி கேட்டார். உட்கார்ந்த பிறகு, எத்தனை பேர் நின்றீர்கள் என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

உரிமம் கொடுத்த நிறுவனமும் ஆலையும் விளக்கம் கேட்டு எழுதின. முதலாளி ஒரு கடிதம் தயாரித்தார். மறுபார்வையின்போது ஆவணத்தில் ஒரு வேறுபாடு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். "கண்டறியப்பட்டது, ஏற்பட்டதுன்னு எழுதறாங்க. அது இன்னா மழையா, தானா பெய்யறதுக்கு?" என்று என்னிடம் கேட்டார். தனியாக ஒரு கடிதம் எழுதினார். அதில் இரண்டு செய்திதான். நான் இந்தச் சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தேன். நான் ஒப்பந்தத்தை மீறி ஒரு மூலப் பக்கத்தையும் ஒரு வரைபடத்தையும் அலுவலகத்துக்கு வெளியே எடுத்துச் சென்றேன்.

இரண்டாவதை யாரும் கேட்கவே இல்லை. சுமதிக்கும் எனக்கும் தவிர அது தெரியவும் தெரியாது. ஏன் அக்கா எழுதினீர்கள் என்று கேட்டேன். நடந்தது அதுதானே என்றார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு உரிம நிறுவனம் அவரை ஒப்புதல் பெற்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கியது. போவதற்கு முன் தான் எழுதிய பக்கங்கள் அத்தனையையும் மூலத்தோடு வைத்து மறுபடி படிக்க அனுமதி கேட்டார். மூன்று பீரோ நிறைய இருந்தன. பல வாரம் உட்கார்ந்து படித்தார். இன்னும் இரண்டு சிறிய பிழைகள் கிடைத்தன. அவற்றையும் தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இனி எங்கே போவார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

இப்போது என் சோம்பலுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கையெழுத்து உண்டு. மொழிபெயர்த்தவர், சரிபார்த்தவர். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தவன் நான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் வரைபடம் படிக்கத் தெரியும். கோட்டுக்கு மேலே மட்டத்தைக் காட்டிய அந்தப் படம் என் மேசையில்தான் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மறுநாள் ரயிலில் ஆலைக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில், அக்கா எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று, ஒரு கட்டு முழுவதும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் அவர் கடிதத்தின் மேல் இருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை போயிற்று. எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் பிரெஞ்சுப் பாடம் முடித்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கு தெரியும்பா," என்றார். "ஒன் மேசைலேருந்துதான நான் அந்தப் படத்த எடுத்தேன்."

"அப்புறம் ஏங்க்கா லெட்டர்ல எழுதல?"

"எந் தப்ப நான் எழுதுனேன். ஒன் தப்ப நீதான எழுதணும்."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பி போட உள்ளே போனார். வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று கிளம்பினேன். எழுதவில்லை. உத்தியோகம், மகளின் படிப்பு, இனி யாருக்கு என்ன பயன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது.

அடக்கத்தன்று அந்தோணிசாமி அண்ணன் என்னருகே வந்து நின்றார். பேச்சு வாக்கில், தனக்கு முதல் மாரடைப்பு வந்த அந்த வாரத்தைச் சொன்னார். "ராப்பகலா எங்கூட ஆஸ்பத்திரிலதான் இருந்தா. காலைல அங்கேருந்தே ஆபீசுக்கு போவா." தேதியைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பக்கம் மொழிபெயர்க்கப்பட்ட வாரம் அதுதான். அக்காவின் கடிதத்தில் ஆஸ்பத்திரி என்ற சொல்லே இல்லை. என்னிடமும் ஒருநாளும் சொன்னதில்லை. தூக்கமில்லாத கண் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் பார்த்தது என்று சொல்லியிருந்தால் யாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவர் அதைக் காரணமாகக் காட்ட விரும்பவில்லை. அந்த வாரத்தில்தான் இந்தப் பிழை நேர்ந்தது என்று அண்ணனுக்கு இன்றுதான் தெரிகிறது. என்னை மன்னிக்க வேண்டும்.

சென்ற வாரம் ஆலைக்கும், உரிமம் கொடுத்த நிறுவனத்துக்கும், இப்போது நான் வேலை செய்யும் இடத்துக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். வரைபடத்தைப் பார்க்காமல் நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்திட்டேன் என்று தொடங்குகிறது. ஆலையிலிருந்து பதில் இல்லை. இங்கே என் மேலாளர் திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். என்ன ஆகும் என்று தெரியாது. சுமதி கடிதத்தைப் படித்துவிட்டு, இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

செலின் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, 'நான்' என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியத்தைத்தான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.